ஸ்னோடென் ஏன் நாடு திரும்பவில்லை?

கேள்வி: அமெரிக்க அரசின் ரகசியங்களை வெளியிட்டுவிட்டு ரஷ்யாவில் தங்கியிருக்கும் எட்வர்ட் ஸ்னோடென் நியாயவான் என்றால் அமெரிக்கா திரும்பி வழக்கைச் சந்திக்க வேண்டியதுதானே?

பதில்: சந்திக்கலாம், வாதாடத்தான் வழியில்லை. அவர்மேல் பாய்ந்திருப்பது 1917-ஆம் ஆண்டின் உளவுச் சட்டம். 'மக்கள் நலனுக்காக வெளியிட்டேன்' என்ற வாதம் அதில் எடுபடாது. ரகசியத்தைக் கொடுத்தாயா, இல்லையா என்பதோடு சரி. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் யாருடன், எப்போது, எவ்வளவு நேரம் போனில் பேசினார்கள் என்ற பதிவுகளை அரசு மொத்தமாக அள்ளியதை 2013 ஜூனில் அவர் அம்பலப்படுத்தினார். அதற்கு மூன்று மாதம் முன்பு செனட்டில் இப்படித் தகவல் திரட்டுகிறீர்களா என்று கேட்டபோது, தேசிய உளவுத்துறை இயக்குநர் கிளாப்பர் 'இல்லை' என்றிருந்தார். (அவர்மேல் வழக்கு ஏதும் பாயவில்லை!) அந்தச் சேகரிப்பே சட்டவிரோதம் என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக, 2022-ல் புடின் தந்த ரஷ்யக் குடியுரிமையையும் மெச்சச் சொல்லாதீர்கள்.