மேலே ஒன்று, கீழே ஒன்று

அன்புக் குட்டிக்கு,

கடிதமும் உள்ளே மடித்து வைத்திருந்த துணித் துண்டும் கிடைத்தன. நீலப் பூப்போட்ட ரேயான் நன்றாக இருக்கிறது. உன் சுடிதார் டாப்பின் மேல்பாதியையும், தோழி கொடுத்த அமெரிக்கக் கம்பெனி பேட்டர்னின் பாவாடைப் பகுதியையும் சேர்த்து ஒரே டிரெஸ்ஸாகத் தைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகத் தைக்கலாம். ஆனால் அடுத்த வரியிலேயே, "இரண்டையும் இடுப்பில் வெட்டி ஒட்டிவிடுவேன் சித்தி, அவ்வளவுதானே" என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்குப் பகீர் என்றது. எந்த இடுப்பில் வெட்டுவாய்? உன் இடுப்பு ஒரு இடத்தில் இருக்கிறது. டாப்பின் இடுப்பு வேறு இடத்தில். அந்தக் காகிதத்தின் இடுப்பு அதன் இஷ்டத்துக்கு எங்கோ. சுற்றளவும் மூன்றுக்கும் மூன்று விதம். கத்தரிக்கோலை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்து படி.

முதலில் ஒரு பாராட்டு, பிறகு திட்டுவதற்குத் தோதாக இருக்கும். இரண்டு பேட்டர்னைக் கலக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே நல்ல யோசனை. உனக்கு மார்பு 34, இடுப்பு 30. அந்த அமெரிக்கக் கவரின் பின்பக்க அட்டவணையைப் பார். மார்பு 34 என்றால் சைஸ் 12. அந்த சைஸுக்கு அவர்கள் கணக்கில் இடுப்பு இருபத்தாறரை. இடுப்பு 30 என்றால் சைஸ் 16. அதற்கு மார்பு 38. ஆக, முழு டிரெஸ்ஸையும் அந்தக் கவரிலிருந்தே தைத்திருந்தால் ஒன்று இடுப்பு பிடிக்கும், இல்லை மார்பு தொளதொளக்கும். 1863இல் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரர் அளவுவாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்க ஆரம்பித்தார். இந்தத் தொழில் ஒரு சராசரிப் பெண்ணை மனதில் வைத்துத்தான் கோடு போடுகிறது. அந்தப் பெண்ணை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மேலுக்கு உன் உடம்பில் பழகிய டாப், கீழுக்கு சைஸ் 16 என்று நீ பிரித்துக்கொண்டது ரொம்பச் சரி.

"நான் பதினாறா?" என்று கண்ணாடி முன்னால் போய் நிற்காதே. அது கவரில் அச்சடித்த எண். கடையில் வாங்கும் ரெடிமேட் சைஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிரெஸ்ஸின் வெளியே யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

இப்போது திட்டு. பாவாடைப் பேனல்கள் ஆறையும் வரிசையாக வைத்து இடுப்பை அளந்தேன், முப்பத்தெட்டரை வருகிறது, மிச்சத்தைச் சுருக்கம் வைத்துவிடட்டுமா என்று கேட்கிறாய். அடி அசடே, அந்த மிச்சம் மிச்சமே இல்லை! அமெரிக்கக் கம்பெனிகள் தையலுக்கான துணியைப் பேட்டர்னுக்குள்ளேயே சேர்த்து வரைந்திருப்பார்கள், ஒவ்வொரு ஓரத்திலும் 5/8 இஞ்ச். ஆறு பேனலுக்குப் பன்னிரண்டு ஓரம். பன்னிரண்டையும் கூட்டினால் ஏழரை இஞ்ச் தையலுக்குள் போய்விடும். தைத்து முடித்தால் நிற்பது 31. உன் 30 இடுப்புக்கு மூச்சுவிட ஒரு இஞ்ச். கணக்காகத்தான் போட்டிருக்கிறார்கள். நீ சுருக்கம் வைத்திருந்தால் இடுப்பே ஏறியிருக்காது.

உன் டாப்பின் பிரவுன் ஷீட் டிராஃப்டோ நேர்மாறு. வகுப்பில் உனக்குச் சொல்லிக்கொடுத்தபடி கோடு என்றால் அது தையல் கோடு. துணியில் வைத்துச் சாக் போட்ட பிறகு, பிற்பாடு பிரித்துவிடத் தோதாகப் பக்கத்தில் ஒரு இஞ்சோ ஒன்றரையோ, தோளில் அரையோ, நீயாக விட்டு வெட்டுகிறாய். ஜெர்மனியின் புர்தா பத்திரிகையில் வரும் பேட்டர்ன்களும் இப்படித்தான், தையலுக்கான துணியை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். எனவே முதல் வேலை, பாவாடைப் பேனல்கள் எல்லாவற்றிலும் ஓரத்திலிருந்து 5/8 உள்ளே தள்ளிப் பென்சிலால் தையல் கோடு போடு. பக்கங்களில் மட்டுமல்ல, மேலே இடுப்பிலும். அதற்குப் பிறகு எதை அளந்தாலும் தையல் கோட்டிலிருந்து தையல் கோட்டுக்கு அளக்க வேண்டும். காகித ஓரத்தை மறந்துவிடு.

அடுத்து, இடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி. சிரிக்காதே. ஒரு நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிர்ந்தால், அது தானாகப் போய் உட்காரும் இடம்தான் இடுப்பு. கழுத்தோரத் தோளிலிருந்து மார்பின் மேலாக அந்த நாடா வரை டேப்பைப் பிடி. பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு அளவு எடு. முன்பக்கம் மார்பைத் தாண்டி வருவதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. உன் டிராஃப்டில் இரண்டுக்கும் 14 என்று போட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்து உன் உயரத்துக்கு 14 பற்றாது. "இத்தனை நாள் டாப் சரியாகத்தானே இருந்தது?" என்பாய். டாப்பில் அந்த இடத்தில் தையலே கிடையாது, பக்கவாட்டில் ஒரு வளைவுதான். ஒரு இஞ்ச் மேலே கீழே போனாலும் யார் கவனிப்பார்கள்? இதிலோ அங்கே குறுக்கே ஒரு தையல் ஓடப்போகிறது. தப்பான உயரத்தில் ஓடினால் ஊருக்கே தெரியும்.

சரி, டாப்பின் இடுப்பு தைத்தபின் 34, பாவாடையின் இடுப்பு 31. மூன்று இஞ்ச் வித்தியாசம். இதை எங்கே சரிக்கட்டுவது? பக்கத் தையலில் பிடித்துவிடலாம் என்று நினைப்பாய், எல்லோரும் அதைத்தான் முதலில் செய்வார்கள். பக்கத்துக்கு ஒன்றரை இஞ்ச் பிடித்தால் அக்குளுக்குக் கீழே துணி இழுத்துக்கொண்டு சுருங்கும். அதைவிட டாட் பிடி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒவ்வொன்றும் முக்கால் இஞ்ச் அகலம், ஆக மூன்று இஞ்ச். இந்த முக்கால் என்பது துணியை விரித்து வைத்திருக்கும்போது உள்ள முழு அகலம். நீ துணியை மடித்த பிறகு மடிப்பிலிருந்து முக்கால் இஞ்ச் தள்ளித் தைத்தால் டாட்டுக்கு ஒன்றரை போகும், மொத்தம் ஆறு போகும், டாப்பின் இடுப்பு 28 ஆகிவிடும். மடித்த பிறகு முக்காலில் பாதிதான். முன் டாட்டின் நுனியை மார்புப் புள்ளிக்கு ஒரு இஞ்ச் கீழேயே நிறுத்து. புள்ளி வரை கொண்டுபோனால் கூர் தெரியும்.

இதில் ஒரு அழகு உண்டு, அதற்காகத்தான் ஆறு பேனல் என்றதும் எனக்குச் சந்தோஷம். பாவாடையில் முன்னால் மூன்று பேனல், பின்னால் மூன்று. பக்கத் தையல் இரண்டை விட்டால் மீதி நான்கு தையல். உன் டாட்டும் நான்கு! நடு முன்பக்கத்திலிருந்து பேனல் தையல் எத்தனை இஞ்ச் தள்ளி இருக்கிறதோ, அதே தூரத்தில் டாட்டின் அடியை வை. டாட்டை நகர்த்து, பேனலைத் தொடாதே. மேலிருந்து கீழாக ஒரே கோடாக ஓடும். இரண்டு பேட்டர்ன் என்று நீயே சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். அரை இஞ்ச் தள்ளிப்போனாலோ, கடையில் ஆல்டர் செய்ததா என்று கேட்பார்கள்.

இவ்வளவும் செய்து, ஓவர்லாக்கும் போட்டு, ஆசையாகத் தலைவழியே மாட்டப் போவாய். தோளோடு நின்றுவிடும். ஏனென்று யோசித்தாயா? உன் கடிதத்தில் ஜிப் என்ற வார்த்தையே இல்லை. டாப் இடுப்பில் தாராளம், பக்கத்தில் ஸ்லிட் வேறு, அதனால் நெளிந்து வளைந்து நுழைந்துவிடுகிறாய். முப்பத்தொரு இஞ்ச் வளையத்துக்குள் தோள் எப்படிப் போகும்? இடது பக்கத் தையலில் ஜிப் வை. கைக்குழிக்குக் கொஞ்சம் கீழே ஆரம்பித்து, இடுப்புத் தையலைத் தாண்டி ஆறேழு இஞ்ச் இறங்க வேண்டும். பதினான்கு இஞ்ச் ஜிப் சரியாக இருக்கும். ஜிப் தைக்கக் கை நடுங்குகிறது என்றால் டாட்டை விட்டுவிடு. பேனல் ஒவ்வொன்றையும் அரை இஞ்ச் அகலமாக்கிப் பாவாடையின் இடுப்பையும் 34க்குக் கொண்டுவா, பின்னால் கட்ட இரண்டு நாடா வை. வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் போடுகிற டிரெஸ்ஸுக்கு அது போதும். ஆனால் தலைவழியே நுழைகிறதா என்று முதலில் பழைய சேலையில் தைத்துப் பார்த்துவிடு. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய சேலை முதலில்தான். பெரிய தையலில் ஓட்டிப் போட்டுப் பார்த்தால் அரைநாள் போகும், ரேயான் பிழைக்கும்.

கையையும் அமெரிக்கப் பேட்டர்னிலிருந்து எடுக்கலாமா என்று ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறாய். கூடாது. கையின் மேல்வளைவு அதற்கென்று வரைந்த கைக்குழிக்கு அளந்து போட்டது. வேறு குழியில் கொண்டுபோய் வைத்தால் ஒரு இடத்தில் துணி மிஞ்சும், இன்னொரு இடத்தில் கையைத் தூக்க முடியாது. கழுத்து, தோள், கைக்குழி, கை நான்கும் ஒரே பேட்டர்னிலிருந்து வரட்டும். உன் டீ-ஷர்ட்டை வைத்து மேல்பாதியை வரைந்துகொள்ளலாம் என்ற யோசனையையும் குப்பையில் போடு. அது இழுபடும் துணிக்கு வரைந்தது. ரேயான் இழுத்துக் கொடுக்காது.

துணியைப் பற்றி ரொம்பச் சொல்லமாட்டேன். வெட்டுமுன் நனைத்துக் காயப்போடு, ரேயான் சுருங்கும். பேனலில் உள்ள அம்புக்குறி துணியின் கரைக்கு இணையாக இருக்கட்டும். துணியை மிச்சப்படுத்த ஒரு பேனலை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைக்கத் தோன்றும். நீ அனுப்பிய துண்டில் பூவெல்லாம் ஒரே திசையில் நிற்கிறது. தலைகீழாக வெட்டினால் பாதிப் பூ கீழே பார்க்கும். துணி பற்றவில்லை என்றால் நீளத்தைக் குறை. பேனலைத் திருப்பாதே.

ஆறு பேனலும் சேர்ந்து கீழே தொங்கும்போது ரேயான் நல்ல கனம். அந்தக் கனத்தில் இடுப்புத் தையல் நாளடைவில் இறங்கும். தையலோடு ஒரு காட்டன் நாடாவையும் 31 இஞ்சுக்கு அளந்து சேர்த்துத் தைத்துவிடு, ஜிப் பக்கம் மட்டும் நாடா திறந்திருக்கட்டும். நாடா கட்டுகிற டிரெஸ் என்றால் அளவு 34. பிறகு ஓர் இரவு ஹேங்கரில் தொங்கவிடு. பேனலின் சாய்ந்த ஓரங்கள் கிராஸில் இருப்பதால் இறங்க வேண்டியது இறங்கிவிடும். மறுநாள் போட்டுக்கொண்டு நின்று, அம்மாவை ஸ்கேலைத் தரையில் ஊன்றிச் சுற்றிலும் குறிக்கச் சொல். நீயே குனிந்து குறித்தால் கோடு கோணலாகத்தான் வரும்.

முன் அளவு, பின் அளவு இரண்டையும் எடுத்து எழுது. அதற்குள் வெட்டிவிடாதே.

உன் சித்தி

பி.கு.: பாக்கெட் வேண்டும் என்பாய், தெரியும். வலது பக்கத் தையலில் இடுப்புக்கு மூன்று இஞ்ச் கீழே ஆரம்பி. இடது பக்கம் ஜிப்புக்கு. இரண்டு பக்கமும் பாக்கெட் கேட்டால் நாடா கட்டுகிற டிரெஸ்தான்.