பக்கத்து இருக்கை மட்டும் போதாது

அன்புள்ள டீச்சர்,

வகுப்பில் சிலர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள், சாதியைக் காட்டும் கலர்க் கயிறு கட்டிய பையன்கள் தனித்தனிக் கூட்டமாக உட்காருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் பாடம் நடத்தும் முறையாலேயே மாற்ற முடியும் என்று நம்புகிறேன்.

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் சாதிப் பகையால் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் அவன் 600க்கு 469 வாங்கினான். அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. அதன்பின் பள்ளிகளில் சாதிப் பிரிவைத் தடுக்க அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறும் மோதிரமும் கூடாது, அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றது. நல்ல யோசனை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் பேச ஒரு தேவையும் வேண்டுமே.

அமெரிக்காவின் ஆஸ்டினில் கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்ததும் அடிதடி வந்தது. உளவியலாளர் எலியட் ஆரோன்சன் 1971இல் அங்கே அப்படியொரு தேவையை உருவாக்க ஒரு வழி கண்டார். அதை நம் ஊருக்கு ஏற்றபடி சொல்கிறேன். பாடம் தாமிரபரணி. குழுவுக்கு ஐந்து பேர். ஒருத்திக்குப் பொதிகையின் பூங்குளம், ஒருவனுக்குப் பாபநாசம் அணை, இன்னொருவனுக்குக் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள 8 அணைக்கட்டுகள், அடுத்தவளுக்குக் கால்வாயும் குளமும், கடைசிப் பையனுக்குப் புன்னைக்காயல் முகத்துவாரம். முதலில் எல்லாக் குழுக்களிலும் அணைக்கட்டு கிடைத்தவர்கள் மட்டும் ஒன்றாக உட்கார்ந்து தயாராகட்டும். மற்ற பகுதிக்காரர்களும் அப்படியே. இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாசிக்கத் திணறுகிறவன் பிறர் வாசிப்பதைக் காதால் கேட்டு, படம் வரைந்து, இரண்டு முறை சொல்லிப் பார்ப்பது அங்கேதான். பிறகு தன் குழுவுக்குத் திரும்பும்போது அணைக்கட்டு தெரிந்தவன் அவன் ஒருவனே. தேர்விலோ ஐந்து பகுதியிலிருந்தும் கேள்வி வரும். மற்ற நால்வரும் அவன் வாயைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்!

குழுவை நீங்களே பிரியுங்கள், அவர்களிடம் விட்டால் பழைய கூட்டமே திரும்ப அமையும். ஏற்கெனவே முறைத்துக்கொள்ளும் இருவரை முதல் வாரமே சேர்க்க வேண்டாம். ஒரே நாளில் பலனும் தெரியாது, ஒரு பருவமாவது விடாமல் செய்யுங்கள்.

இன்னொன்று. யாராவது ஒருவன் அடங்கிப்போய் வாய் திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் வராமல் போனால், தனியாக அழைத்துக் கேளுங்கள். அவன் சொன்ன பெயர்கள் ஆசிரியர் அறையைத் தாண்டக் கூடாது. நாங்குநேரியில் அந்த மாணவன் புகார் எழுதிக் கொடுத்த பிறகுதான் அரிவாள் வந்தது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்