கிணற்றடியில் கிடைக்கும் குளிர்ச்சி

ஐஸ் கட்டி மிதக்கும் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும் வீரர்களை செல்போனில் பார்த்துவிட்டு, என்னிடம் கபடி பழகும் பையன்கள் கேட்கிறார்கள்: "சார், ஐஸ் கம்பெனில பார் வாங்கி ட்ரம்ல போட்டு நாமளும் உக்காரலாமா?" ராமநாதபுரத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பதால், குளிர்ந்த நீர் உடம்பை என்ன செய்கிறது என்பதைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிர்ந்த நீரில் குளிக்கும் பழக்கத்தைப் பற்றி வந்தவற்றில் நான் நம்பிப் படித்தது 2016-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு. மூவாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். வழக்கமான வெந்நீர்க் குளியலின் முடிவில் ஒரு பிரிவினர் 30 நொடி, ஒரு பிரிவினர் 60 நொடி, இன்னொரு பிரிவினர் 90 நொடி குளிர்ந்த நீரில் நின்றார்கள். ஒரு மாதம் அப்படிச் செய்ததில், உடம்பு சரியில்லை என்று எடுக்கும் விடுப்பு 29 சதவீதம் குறைந்தது. ஆனால் நோய் வந்த நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. சளி பிடித்தது; இருந்தும் வேலைக்குப் போகும் தெம்பு இருந்தது. 30 நொடிக்கும் 90 நொடிக்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. நீண்ட நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை என்பதற்கு எனக்கு அது போதும்.

அங்கே குழாயைத் திறந்தால் வருவது 10, 12 டிகிரித் தண்ணீர். நம் வீட்டு மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டியில் மதியம் இரண்டு மணிக்குக் கையை வைக்க முடியாது. எங்கள் வீட்டுக் கிணற்றில் விடியற்காலையில் தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்தால் 28 டிகிரி காட்டும். ஆகவே ஐரோப்பிய ஆய்வுகளில் சொல்லப்படும் பலன்களை அப்படியே நம் வாளித் தண்ணீருக்கு ஒட்டவைக்கக் கூடாது. அதற்காக 28 டிகிரித் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்றும் இல்லை. நம் தோலின் சூடு ஏறக்குறைய 33 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும்.

இதை ராமேஸ்வரத்தில் கண்ணால் பார்க்கலாம். அக்னி தீர்த்தத்தில் கடலாடிவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குள் வருபவர்கள், மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை 22 தீர்த்தங்களிலும் நீராடுவார்கள். கிணற்று விளிம்பில் ஏறி நிற்பவர் கயிறு கட்டிய சின்ன வாளியை விட்டு இறைத்து, அதே வீச்சில் தலையில் ஊற்றுவார். முதல் வாளி விழும்போது "ஹா" என்று மூச்சு உள்ளே இழுபடும், தோள் இரண்டும் காதுவரை ஏறும். ஆறேழு தீர்த்தம் தாண்டியபின் அதே ஆட்கள் முகத்தைத் தூக்கி நிதானமாக வாளியை வாங்கிக்கொள்வார்கள். தோல் அதற்குள் குளிர்ந்திருக்கும், மூச்சும் அடங்கியிருக்கும். தை அமாவாசை விடியலில் பிரகாரத்துக் காற்று ஈரத்துணியில் படும்போது வரும் நடுக்கத்துக்கு ஐஸ் எதுவும் தேவைப்படுவதில்லை.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் பேசியபோது இன்னொன்று புரிந்தது. சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி என்று மணிக்கணக்கில் முங்கி முங்கி எடுப்பார்கள். "தண்ணிக்குள்ள இருக்கையில தெரியாது சார், கரையேறி காத்து பட்டாத்தான் வெடவெடன்னு வரும்" என்றார் ஒரு அக்கா. நமக்கு வெதுவெதுப்பாகத் தெரியும் மன்னார் வளைகுடாத் தண்ணீரே அவ்வளவு வெப்பத்தை உருவிவிடுகிறது. எத்தனை டிகிரி என்பதோடு எவ்வளவு நேரம், காற்று உண்டா என்பதும் சேர்ந்துதான் குளிர்ச்சி.

வீட்டில் நான் செய்வது எளிது. விடிகிற நேரத்தில் கிணற்றடியில், முதல் குவளை பாதத்தில். பிறகு முழங்கால், தொடை, கை, வயிறு, தோள், கடைசியில் தலை. திடீரென்று தலையில் கொட்டினால் மூச்சு வாங்கும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குப்பென்று ஏறும். அந்த முதல் ஒரு நிமிடம்தான் ஆபத்தான நேரம். ஊற்றும்போது வாயால் மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். துவட்டுவதற்கு முன் கொஞ்சம் காற்றில் நின்றால் உடம்பு இன்னும் குளிரும். எனக்கு இதில் கிடைத்தது சுறுசுறுப்பான காலையும், வெயிலைத் தாங்கும் நிதானமும். எடை குறையும், நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை.

குடத்தை வரிசையில் வைத்துக் காவிரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் மாவட்டம் இது. தினமும் ஒரு ட்ரம்மை நிரப்பிக் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. தண்ணீர் இல்லாத நாளில் அகலமான பாத்திரத்தில் வீட்டு ஃபிரிட்ஜ் ஐஸைப் போட்டு, முகத்தை மட்டும் சில நொடி முக்கி எடுத்தால் போதும். நெற்றியும் கன்னமும் குளிர்ந்தால் இதயத் துடிப்பு தணியும். பதற்றமான மாணவர்களைப் போட்டிக்கு முன் இப்படி ஆற்றியிருக்கிறேன். இரவில் தூக்கம் வராத புழுக்கத்துக்குப் பாதம் மூழ்கும் அளவு தண்ணீர் வைத்த பேசின் நல்ல துணை.

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலை ஐஸில் வைக்கவே கூடாது. தோல் புண்ணாவதே தெரியாது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் மூச்சடக்கும் வித்தை வேண்டவே வேண்டாம். நினைவு தப்பி மூழ்கிவிடுவார்கள்.

பையன்களுக்குத் தனியாக ஒன்று: பாரம் தூக்கிப் பயிற்சி செய்த உடனே தொடர்ந்து ஐஸ் நீரில் உட்கார்ந்துவந்தால் தசை வளர்ச்சி குறைகிறது என்று 2015-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருந்தால் வலி தணிய உதவும். மற்ற நாட்களில் கிணற்றுக் குளியலே போதும். அதோடு, கம்பெனியில் மீனுக்கு அடிக்கும் ஐஸில் சிராய்ப்புள்ள முழங்காலோடு பழக்கமாக உட்கார நான் விடமாட்டேன்.

குளிர்ந்த நீர் ஐயமில்லாமல் உயிரைக் காப்பது வெயில் தாக்கும்போதுதான். வாலிநோக்கம் உப்பளமோ, சித்திரை மாதத்து மைதானமோ, ஒருவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறி, நிதானம் தவறினால் 108-ஐ அழைத்துவிட்டு வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, மேல்துணியைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரைத் தலை முதல் கால் வரை விடாமல் ஊற்றி விசிறுங்கள். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஒருமுறை நனைத்தால் போதாது. ஓடி ஆடி விழுந்த இளைஞன் என்றால், கழுத்துக்குக் கீழே தொட்டியிலோ, நாலு பேர் தூக்கிப் பிடித்த தார்ப்பாயிலோ ஐஸ் தண்ணீரில் கிடத்துவதுதான் மிக வேகமான சிகிச்சை. தலையை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கம்பெனி ஐஸ் என்று பார்க்க வேண்டாம். நினைவு தெளியும்வரை வாயில் எதையும் ஊற்றக்கூடாது.