பெங்களூருக்குக் குடிவர்ற தங்கச்சிக்கு

மாப்பிள்ளைக்கு மாத்தல் உறுதின்னு தெரிஞ்ச நாள்லருந்து நீ போன்ல வீடு தேடிக்கிட்டே இருக்கேன்னு அம்மா சொன்னா. கொஞ்சம் நிறுத்து தங்கச்சி. வாடகை எவ்வளவு, பால்கனி இருக்கா, பாத்ரூம் ரெண்டான்னு பாக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள் எடுத்து உன் புள்ளைங்களோட ஒரு நாளை எழுது. பெரியவன் எத்தனை மணிக்கு எந்திரிப்பான், எப்பப் பள்ளிக்கூடம் கிளம்பணும், சின்னவ மத்தியானம் எப்பத் தூங்குவா, சாயங்காலம் எங்க வெளையாடுவாங்க, ராத்திரி தூங்கப் போறதுக்குள்ள அப்பா முகத்தைப் பாப்பாங்களா. அந்தத் தாளுக்குப் பொருந்துற வீடுதான் உனக்கு வேணும். கிச்சன்ல கிரானைட் என்ன கலர்ங்கிறதெல்லாம் அப்புறம்.

இந்த ஊர்ல தூரத்தை யாரும் கிலோமீட்டர்ல சொல்ல மாட்டாங்க, நேரத்துலதான் சொல்வாங்க. சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, ஹெப்பால் பக்கம் சாயங்காலம் மாட்டிக்கிட்டா ஏழு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதனால என் கணக்கு இதுதான்: பள்ளிக்கூடம் நடந்து போற தூரத்துல இருக்கணும், ஆபீஸ் தூரமா இருந்தாலும் பரவால்ல. ‘வேன் வீட்டு வாசல்லயே வரும்’னு பள்ளிக்கூடத்துல சொல்வாங்க. வரும். ஆனா எல்லாப் புள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு அது பள்ளிக்கூடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு கேளு. மாப்பிள்ளை மெட்ரோல பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போயிருவார். அஞ்சு வயசுப் பையன் வேன்ல வாந்தி எடுப்பான். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஆபீஸ்னா ஊதா தடம், எலக்ட்ரானிக் சிட்டின்னா 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மஞ்சள் தடம். இந்த ரெண்டுல ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கமா, பள்ளிக்கூடத்தை ஒட்டி வீடு கிடைச்சா யோசிக்காதே.

வீட்டை ரெண்டு தடவை பாரு. ஒரு தடவை புரோக்கர் கூப்பிடுற நேரத்துல போ; இன்னொரு தடவை வாரநாள்ல சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, சொல்லாம போ. தெருவுல புள்ளைங்க சத்தம் கேக்குதா, இல்ல டூவீலர் ஹாரன் மட்டும்தானான்னு தெரிஞ்சிரும். சுவர்ல பதிச்ச அலமாரியைத் திறந்து மோந்து பாரு. ஆகஸ்ட்லருந்து அக்டோபர் வரைக்கும் இங்க மழை நின்னு பெய்யும். அப்ப ஓதம் அடிக்கிற வீடுன்னா சின்னவளுக்கு இருமல் நிக்காது. பால்கனிக்குக் கிரில் இல்லன்னா, போட்டுக் குடுத்தப்புறம்தான் சாவி வாங்குவோம்னு சொல்லிரு. குடி வந்தப்புறம் கேட்டா ஓனர் சிரிச்சுக்கிட்டே நாளைக் கடத்துவார்.

தண்ணி விஷயம் உனக்குப் புதுசு. தாமிரபரணித் தண்ணில குளிச்சு வளந்த உடம்பு நமக்கு. இங்க மூணு வகை: காவேரி, போர், டேங்கர். காவேரித் தண்ணி சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளிலருந்து பம்ப் பண்ணி, கடல் மட்டத்துக்கு மேல சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கிற இந்த ஊருக்கு ஏத்துறாங்க. ஊரோட ஓரத்துல பின்னால சேத்த 110 கிராமங்களுக்காக அஞ்சாம் கட்டத் திட்டத்தை 2024 அக்டோபர்ல தொடங்கி வெச்சாங்க. ஆனா ஏரியாவுக்குக் குழாய் வந்ததும் கட்டடத்துக்குக் கனெக்‌ஷன் வந்ததும் ஒண்ணு இல்ல. அதனால ‘காவேரி இருக்கா’ன்னு மட்டும் கேட்டு நிறுத்தாதே. ‘இருக்கு’ம்பாங்க. வாரத்துல எத்தனை நாள் வரும், மிச்ச நாளைக்கு என்ன, 2024 கோடைல இந்தக் கட்டடத்துல எப்படிச் சமாளிச்சாங்கன்னு கேளு. அந்த வருஷம் மார்ச்ல போர் எல்லாம் வத்தி ஊரே டேங்கருக்கு அலைஞ்சது. இந்தக் கேள்வியை ஓனர்கிட்ட கேக்காம வாட்ச்மேன்கிட்ட கேட்டா உண்மையான பதில் வரும். குழாய் முனைல வெள்ளையாப் படிஞ்சிருக்கான்னும் பாரு. அது போர்த் தண்ணியோட உப்பு. குளிக்க அதுவே கிடைக்குதுன்னா, சின்னவளுக்குக் குளிச்சு முடிச்சு ஈரம் காயறதுக்குள்ள தேங்கா எண்ணெய் தடவிவிடு. இல்லன்னா தோல் வறண்டு ராத்திரியெல்லாம் சொறிவா.

அட்வான்ஸ் கேட்டா தலை சுத்தும். முன்னாடி பத்து மாச வாடகை வழக்கம். இப்பப் பல இடத்துல அஞ்சு, ஆறு மாசத்துக்கு எறங்கியிருக்கு. பேசினா குறையும். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்கன்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுப்பாங்க. அது அக்ரிமென்ட்ல எப்படி எழுதியிருக்குன்னு கையெழுத்துக்கு முன்னாடி படி. குடி வர்ற அன்னைக்கே சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பி வெச்சிரு. உன் புள்ளைங்க சுவர்ல கிறுக்காத புள்ளைங்க இல்லேன்னு எனக்குத் தெரியும்.

இப்பப் புள்ளைங்க விஷயம். சாமான் கட்டும்போது ஒரு பெட்டியைக் கடைசியாக் கட்டு, அதையே இங்க முதல்ல பிரி. பழைய தலகாணி உறை, சின்னவ இழுத்துக்கிட்டே திரியிற போர்வை, பெரியவன் பால் குடிக்கிற டம்ளர், ராத்திரி வாசிக்கிற நாலு புத்தகம். இதெல்லாம் பழசுன்னு ஊர்ல விட்டுட்டு இங்க வந்து புதுசு வாங்கலாம்னு நினைக்காதே. உறையைத் துவைக்கக்கூட வேணாம். வாசம்தான் அந்த வயசுக்கு வீடு. பெரியவனோட பெட்டியை அவனையே பிரிக்க விடு. வீடெல்லாம் இறைச்சுப் போடுவான், போடட்டும்.

முதல் மாசம் பெரியவன் திரும்பப் படுக்கைல ஒண்ணுக்குப் போவான். சின்னவ இடுப்பை விட்டு எறங்க மாட்டா. நல்லாச் சாப்பிட்ட புள்ளை சோத்தைத் தள்ளிவிடும். இடம் மாறுற புள்ளைங்க நிறையப் பேர் இப்படித்தான். திட்டாதே, மத்தவங்க முன்னாடி அதைச் சொல்லிச் சிரிக்கவும் விடாதே. பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணு மெத்தை மேல, விரிப்புக்கு அடியில போட்டுட்டுப் பேசாம இரு. ரெண்டு மாசம் தாண்டியும் அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட சொல்லு. ஒண்ணு கண்டிப்பாச் சொல்றேன்: பால் மறக்க வைக்கிறது, தனியாப் படுக்கப் பழக்குறது, டயப்பரை நிறுத்துறது, இது எதையும் இந்த மாசத்துல ஆரம்பிக்காதே. ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்தா நிறுத்தி வை.

‘எப்ப நம்ம வீட்டுக்குப் போவோம்?’னு பெரியவன் கேப்பான். ‘இதுதாண்டா இனிமே நம்ம வீடு’ன்னு ஒரே போடாப் போடாதே. ஆச்சி வீட்டுக்கு எப்பப் போவோம்னு நாள் தெரிஞ்சா காலண்டர்ல வட்டம் போட்டுக் காட்டு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அம்மாகிட்ட வீடியோ கால் ராத்திரி படுக்கப்போற நேரத்துல வைக்காதே. அம்மா கண்ணைத் தொடைப்பா, அவன் அழுவான், ரெண்டு பேரையும் தேத்திட்டு நீ உக்காந்து அழுவே. சாயங்காலம் தோசை திங்கும்போது போனைச் சாச்சு வெச்சிரு. அவன் திங்கிறதை ஆச்சி பாப்பா, ஆச்சி வெத்தலை இடிக்கிறதை அவன் பாப்பான். பேசணும்னு கட்டாயமே இல்ல.

தோசைன்னதும் ஞாபகம் வருது: டிசம்பர், ஜனவரில ராத்திரி 15 டிகிரி வரைக்கும் எறங்கும், நம்ம ஊர் நினைப்புல ஆட்டி வெச்சா மாவு காலைல வெச்சபடியே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணி விட்டு ஆட்டு, உப்பைக் கையால கரை, பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி அரிசி டின் பக்கத்துல வை. ஓவன் இருந்தா சூட்டை அணைச்சுட்டு உள்ள விளக்கு மட்டும் எரிய விட்டு அதுக்குள்ள வைக்கலாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஆட்டிரணும், ராத்திரி பத்து மணிக்கு ஆட்டிட்டு விடிகாலை இட்லி எதிர்பாக்காதே. பால் நந்தினி. ஆவின் குடிச்ச நாக்கு ஒரு வாரம் மொறண்டு பிடிக்கும், அப்புறம் பழகிரும். ஓட்டல் சாம்பார் இனிக்கும். நீதான் முகம் சுளிப்பே, புள்ளைங்க ரெண்டாவது கிண்ணம் கேப்பாங்க.

பள்ளிக்கூடச் சேர்க்கைல வயசைக் கவனி. நம்ம ஊர்ல அஞ்சு வயசு முடிஞ்சா ஒண்ணாம் வகுப்பு. கர்நாடகால ஜூன் 1-ஆம் தேதி 6 வயசு நிறைஞ்சிருக்கணும்ங்கிறது விதி. 2025-26-க்கு அதை 5 வயசு 5 மாசம்னு தளர்த்தினாங்க. நீ வர்ற வருஷம் என்னன்னு பள்ளிக்கூடத்துல எழுத்துல வாங்கிக்கோ. யு.கே.ஜி.யை இன்னொரு வருஷம் படிக்கணும்னு சொன்னா சண்டை போடாதே. புது ஊர்ல ஒரு வருஷம் நிதானமாப் போறது அவனுக்கு நல்லதுன்னுதான் நான் சொல்வேன். கன்னடம் எல்லா போர்டுலயும் முதல் மொழியாவோ ரெண்டாம் மொழியாவோ படிக்கணும், 2015-லயே சட்டம் போட்டுட்டாங்க. பயப்படாதே, உனக்கு முன்னாடி அவன் பேசிருவான். ஆனா முதல் நாளே அவனுக்கு ரெண்டு வாக்கியம் தெரிஞ்சிருக்கணும். டீச்சர் இங்கிலீஷ்ல சமாளிப்பாங்க, கழுவி விடுற ஆயாம்மா கன்னடம்தான் பேசுவாங்க. ‘நீரு பேக்கு’ன்னா தண்ணி வேணும். ‘ஒந்தக்கெ ஹோகபேக்கு’ன்னா ஒண்ணுக்குப் போகணும். ரயில்ல வரும்போதே விளையாட்டாச் சொல்லிக் குடு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட உங்க விலாசத்தையும் ரெண்டு போன் நம்பரையும் கன்னடத்துல எழுதி வாங்கி அவன் பைக்குள்ள ஒட்டி வை.

தமிழ் எழுத்து உன் கையிலதான் இருக்கு. அல்சூர் ஏரிப் பக்கத்துல தமிழ்ச் சங்கம் இருக்கு, நூலகமும் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை அவ்வளவு தூரம் போறதை விட, ராத்திரி பத்து நிமிஷம் கதைப்புத்தகத்துல விரலை வெச்சு வாசிக்கிறதுதான் மனசுல நிக்கும்.

காகிதம் பத்திச் சுருக்கமாச் சொல்றேன். தடுப்பூசி அட்டையை லாரி சாமான்ல போடாதே, உன் கைப்பையில வை. பெரியவனுக்கு 5-லருந்து 6 வயசுக்குள்ள டி.பி.டி. பூஸ்டர் போடணும், இங்க இருக்கிற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமாப் போடுவாங்க. அஞ்சு வயசு முடிஞ்சிட்டதால அவன் ஆதார்ல கைரேகை சேக்கணும். வாடகை அக்ரிமென்ட் கையில வந்ததும் உன் ஆதார் விலாசத்தை மாத்திரு. கர்நாடகா விலாசம் இருந்தாத்தான் சக்தி திட்டத்துல உனக்கு அரசு பஸ் இலவசம். ஸ்கூட்டரை இங்க ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டப் போறேன்னா மறுபதிவு பண்ணணும், திருநெல்வேலி ஆர்.டி.ஓ.ல என்.ஓ.சி. வாங்கிட்டு வந்திரு, அதுக்காகத் திரும்ப அலைய முடியாது.

டாக்டரை, புள்ளை நல்லா இருக்கும்போதே போய்ப் பாத்துட்டு வா. முதல் வாரமே. இந்த ஊர்க் குளிரும் தூசியும் பூந்துகளும் சேந்து முதல் வருஷம் மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கும், நெஞ்சுச் சளிக்காரப் புள்ளைங்களுக்கு இழுப்பும் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரில குழந்தை டாக்டர் இருப்பாங்கன்னு பகல்லயே விசாரிச்சு ஃபிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டு. பெரிய அரசு ஆஸ்பத்திரின்னா நிம்ஹான்ஸ் பக்கத்துல இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு. 108 இங்கயும் 108-தான்.

வெளிய கூட்டிட்டுப் போறதுக்கு மால் வேணாம். கப்பன் பார்க்ல ஞாயித்துக்கிழமை வண்டி விட மாட்டாங்க, ரோட்டு நடுவுல சைக்கிள் ஓட்டலாம். அங்கயே பால பவன்ல குட்டி ரயில் இருக்கு. கஸ்தூர்பா ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா மியூசியம் மழை நாளுக்கு நல்லது. பட்டனை அமுக்கினா ஏதாவது ஒண்ணு சுத்தும், பெரியவனை அங்கருந்து கிளப்புறது கஷ்டம். லால்பாக் போ, ஆனா ஜனவரி, ஆகஸ்ட் மலர்க்கண்காட்சி சமயத்துல விடுமுறை நாள்ல மட்டும் போயிராதே, சின்னவளுக்கு முட்டிதான் தெரியும், பூ தெரியாது. கன்னடக் கார்த்திக மாசக் கடைசித் திங்கக்கிழமை பசவனகுடில கடலேக்காய் பரிஷேன்னு கடலைத் திருவிழா நடக்கும். தெரு முழுக்க வேர்க்கடலைதான். கூட்டம் ஏறுறதுக்குள்ள காலைல போய்ட்டு வந்திரணும்.

உனக்குன்னு ஒண்ணு. மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஆள் இருக்கு, பெரியவனுக்கு வகுப்பு இருக்கு. பகல் முழுக்க ரெண்டு வயசுப் புள்ளையோட தனியா இருக்கப் போறது நீ. வீடு ஒழுங்கானப்புறம் அக்கம்பக்கம் பாக்கலாம்னு தள்ளிப் போடாதே. அது ஒழுங்காக ஆறு மாசம் ஆகும். தினம் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு ஒரே பார்க்குக்கு ஒரே பெஞ்சுக்குப் போ. அங்க வர்ற அம்மாக்கள்ல ஒருத்தி, எதிர் வீட்டு அஜ்ஜி (பாட்டிதான்), தெருமுனை மெடிக்கல்காரர்: இந்த மூணு பேருக்கு உன் பேரும் உனக்கு அவங்க நம்பரும் தெரிஞ்சிருந்தா, பெரியவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது சின்னவளைப் பாத்துக்க ஆள் இருக்கும். எதிர் வீட்டு அஜ்ஜி ‘ஊட்டா ஆய்த்தா?’ன்னு கேட்டா, சாப்பிட்டியான்னு அர்த்தம். ‘ஆய்த்து, நிம்து?’ன்னு திருப்பிக் கேளு. அடுத்த நாள் கிண்ணத்துல ஏதாவது வரும். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

தீபாவளிக்கு ஊருக்குப் போக இப்பவே நாள் குறிச்சுக்கோ. முன்பதிவு இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. காலைல எட்டு மணிக்கு மாப்பிள்ளை ஒரு போன், நீ ஒரு போன்னு உக்காந்தாத்தான் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல எடம். பெரியவனுக்கு அஞ்சு முடிஞ்சிருச்சு, பெர்த் வேணும்னா முழு டிக்கெட். சின்னவளுக்கு டிக்கெட் வேணாம், ஆனா ராத்திரி முழுக்க உன் வயித்து மேலதான் தூங்குவா, லோயர் பெர்த்தாப் பாத்துப் போடு. அப்புறம், வரும்போது அம்மா பழைய ஆட்டுக்கல்லை லாரில ஏத்திவிடப் பாப்பா. வேணாம்னு சொல்லிரு. என்கிட்டயே ஒண்ணு பால்கனில சும்மா கிடக்கு, அத்தான் அது மேல துளசித் தொட்டி வெச்சிருக்கார்.