இடக்கைப் பழக்கமும் பேச்சும்

வலக்கையைச் சோற்றுக்கை என்றும் இடக்கையைப் பீச்சாங்கை என்றும் வழங்குவது நம் பேச்சு மரபு. ஒரு கைக்கு உயர்வையும் மற்றதற்கு இழிவையும் சொல்லிலேயே பங்கிட்டு வைத்துள்ளோம். குழந்தை இடக்கையால் எழுதத் தொடங்கினால் திக்குவாய் வருமோ, நோய் வருமோ என அஞ்சும் பெற்றோரும் உளர். உலக மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர். ஆதலின், இவ்வச்சத்திற்கு அடிப்படை உண்டா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மூளையும் மொழியும்

உடலின் வலப்பக்க இயக்கத்தை மூளையின் இடப்பாதியும், இடப்பக்க இயக்கத்தை வலப்பாதியும் ஆள்கின்றன. 1861-இல் பாரிசு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடப்பாதியின் முன்பகுதியில் சிதைவைக் கண்டார். அங்ஙனமாயின் இடக்கையருக்குப் பேச்சு வலப்பாதியில் அமையும் எனப் பின்னர்ப் பலர் கருதினர். 1977-இல் ராஸ்முசென், மில்னர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மறுத்தது. வலக்கையருள் 96 விழுக்காட்டினருக்கும், இடக்கையருள் 70 விழுக்காட்டினருக்கும் பேச்சின் இருப்பிடம் இடப்பாதியே. எஞ்சிய இடக்கையருள் பாதிப்பேருக்கு அது வலப்பாதியிலும், மற்றப் பாதிப்பேருக்கு இரு பாதிகளிலும் அமைந்திருந்தது. இஃது அமைப்பு வேறுபாடேயன்றிக் குறைபாடு அன்று.

திக்குவாய்

இடக்கைக் குழந்தையை வலக்கைக்கு மாற்றினால் மூளையின் ஆளுகை குழம்பித் திக்கல் தோன்றும் என, அமெரிக்காவின் அயோவாவில் ஆர்ட்டன், டிராவிஸ் ஆகியோர் 1920-களில் கருதினர். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டார். ஆயின், இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், எழுதப் பழகும் முன்பே தோன்றுகிறது. மரபுக்கூறும் அதில் பங்கு கொள்கிறது. பிற்கால ஆய்வுகள் இக்கொள்கையை உறுதிப்படுத்தவில்லை. எனினும் அடித்து மாற்றுவது குழந்தைக்குத் துன்பமே தரும்.

நோயும் ஆயுளும்

இடக்கையர் வலக்கையரைவிட ஏறத்தாழ 9 ஆண்டுகள் முன்னரே இறக்கின்றனர் எனக் கோரன், ஹால்பெர்ன் இருவரும் 1991-இல் எழுதினர். அக்கணக்கில் ஒரு பிழை இருந்தது. பழைய தலைமுறையில் இடக்கையர் பலர் வற்புறுத்தி மாற்றப்பட்டதால், முதியோருள் இடக்கையர் அருகியே காணப்பட்டனர். எனவே இறந்த இடக்கையரின் சராசரி வயது குறைந்து தோன்றியது. சமூகத்தின் வற்புறுத்தலே கணக்கில் குறைந்த ஆயுளாக உருமாறியது!

மனச்சிதைவு நோயுற்றோரிடை வலக்கையர் அல்லாதோர் சற்று மிகுதி என்பது உண்மை. ஆயினும் இடக்கையருள் மிகப் பெரும்பாலோர் நலமுடையோரே. 2019-இல் ஏறத்தாழ 4 இலட்சம் பேரிடம் நிகழ்ந்த ஆக்ஸ்போர்டு ஆய்வு, இடக்கையரின் மூளையில் இருபுற மொழிப்பகுதிகளும் கூடுதலாக ஒத்திசைந்து இயங்குவதைக் காட்டியது.

ஆசிரியர் கடமை

தமிழ் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வதால், இடக்கை எழுதியதை மறைக்கும். தாளின் மேற்பகுதியை வலப்புறம் சாய்த்து வைத்தலும், பலகையின் இடக்கோடியில் அமர்த்துதலும் குழந்தைக்கு உதவும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினாலோ, மறு கை தளர்ந்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டல் வேண்டும். மற்றபடி இடக்கைக்கு மருந்து தேவையில்லை. நாளை ஆசிரியராகப் போகும் நம் மாணவர், குழந்தையின் கையைத் திருத்தாது, அக்கை எழுதுவதைத் திருத்துவாராக.