கோடையை வீணாக்கலாமா?
ஏரிக்கரை ஊர்களின் சங்கங்களுக்கு ஒரு பாடம்

பங்குனி பிறந்ததும் நம் ஊர்களில் ஒரு பேச்சுக் கேட்கும்: "இனி ஆடி வரையில் என்ன வேலை இருக்கிறது?" அறுவடை முடிந்த வயலில் ஆடுமாடுகள் மேயும். நெசவாளர் தெருவில் நண்பகலில் தறியொலி அடங்கிவிடும். திருவிழாக்களும் திருமணங்களும் வரிசையாக வரும். செலவுக்குப் பணம் வேண்டும்; வரவுக்கு வழியிராது. ஆகவே கோடை என்பது கடன் வாங்கிக் காலந்தள்ள வேண்டிய பருவம் என்றே பலர் முடிவு கட்டிவிட்டனர்.

இம்முடிவு தவறானது என்பதை எடுத்துக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம். சங்கங்களின் கடன் பேரேடுகளை ஆய்வு செய்வது என் பணி. ஐப்பசியில் தவணை தவறிய அங்கத்தினர் ஒருவருடைய கணக்கைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே சென்றால், பெரும்பாலும் அத்தவறு சித்திரையிலோ வைகாசியிலோ வேர்விட்டிருப்பதைக் காணலாம். ஆண்டின் வரவு செலவு கோடையில்தான் தீர்மானமாகிறது. அதை உணர்ந்து நடப்பவர் தப்பிக்கிறார். உணராதவர் தவணை தவறுகிறார்.

நம் பகுதியின் இயல்பு

நெய்வேலியைச் சுற்றிலும் மேட்டுப் பகுதி செம்மண் பூமி. முந்திரியும் பலாவும் மணிலாவும் இம்மண்ணின் செல்வங்கள். கிழக்கே தாழ்ந்து செல்லும் நிலத்தில் பரவனாற்றை ஒட்டி வாலாஜா ஏரியும், பெருமாள் ஏரியும் அமைந்துள்ளன. தெற்கே வீரநாராயணன் என்னும் பெயர் பூண்ட முதற் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட வீராணம் ஏரி இருக்கிறது. ஏரிப் பாசனத்து நெல் வயல்களும், குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களின் கைத்தறிகளும் அருகருகே வாழ்வது நம் பகுதியின் சிறப்பு.

இங்கு வேறெங்கும் எளிதில் காண இயலாத ஒரு நிலைமையும் உண்டு. 1930-களில் இப்பகுதியில் கிணறு தோண்டிய இடத்தில் பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டு, 1957 மே மாதம் 20-ஆம் தேதி சுரங்க வேலை தொடங்கியது. நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நீர் நிற்கிறது. அதனை இடைவிடாது இறைத்து வெளியேற்றினாலன்றிச் சுரங்கம் நடவாது. அவ்வாறு வெளியேறும் நீரில் ஒரு பகுதி பரவனாற்று வழியே ஏரிகளை அடைகிறது. ஆதலின், பிற ஊர்களில் ஏரிகள் வெடித்துக் கிடக்கும் அக்கினி நட்சத்திரக் காலத்திலும் நம்மவர் சிலருடைய வாய்க்காலில் நீர் ஓடக் காண்கிறோம்.

இந்நீரைக் குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. சுரங்கம் நீரை இறைப்பது நிலக்கரிக்காக. நம் பயிருக்காக அன்று. இறைக்கும் இடமும் அளவும் சுரங்க வேலைக்கு ஏற்ப மாறும். வாய்க்காலில் இன்று நீர் ஓடுகிறது என்பதற்காகக் கோடையிலும் நெல்லை நட்டுவிட்டுக் கதிர் வரும் தறுவாயில் வானத்தை நோக்கி நிற்பது அறிவுடைமை ஆகாது. குறைந்த நீரில், குறைந்த நாளில் விளையும் எள், உளுந்து, காய்கறி, கால்நடைத் தீவனம் ஆகியவற்றையே இந்நீருக்கு உரிய பயிர்களாகக் கொள்ளல் வேண்டும்.

ஏரி மண்ணும் கோடை உழவும்

ஏரியில் நீர் சுருங்கும் காலமே வண்டல் எடுக்கும் காலம். வண்டல் எடுத்தால் இரண்டு நன்மைகள் உண்டு. ஏரியில் நீர் கொள்ளும் இடம் பெருகுகிறது. நீரைப் பிடித்து வைக்க மாட்டாத மேட்டுச் செம்மண்ணுக்கு, நீரையும் உரத்தையும் தாங்கி நிற்கும் வலிமை உண்டாகிறது. களிமண் வயலுக்கு இம்மண் தேவையில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

விவசாயத்திற்கும் மட்பாண்டத் தொழிலுக்கும் ஏரி மண்ணைக் கட்டணமின்றி எடுக்க அரசு விதிகள் இடந்தருகின்றன. முன்பு இதற்கு மாவட்ட ஆட்சியரை நாடவேண்டியிருந்தது. 2024-ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரே அனுமதி வழங்கும் முறை ஏற்பட்டுள்ளது. ஆயினும் அனுமதி பெறாமல் வண்டியை ஏரிக்குள் இறக்குவது குற்றம் என்பதை மறக்கலாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தில் நான் கண்டதை இங்குக் குறிப்பிடுவது பயன்தரும். பங்குனியிலேயே வண்டல் எடுப்பதென்று அங்கத்தினர்கள் வாயளவில் பேசி முடித்தார்கள். மனு எழுதுவார் யார் என்பது முடிவாகவில்லை. நிலச் சான்றுகளைத் திரட்டுவார் யார் என்பதும் முடிவாகவில்லை. வைகாசிக் கடைசியில்தான் மனு சென்றது. அனுமதி கைக்கு வந்தபோது ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது. அவ்வாண்டுச் சங்கக் கணக்கில் அந்த நட்டத்திற்கு ஒரு பக்கமும் இல்லை. ஆய்வாளனாகிய நானும் அதை எழுத வழியில்லை. கணக்கேட்டில் ஏறாத இத்தகைய நட்டங்களே நம் ஊர்களை மிகுதியும் வாட்டுகின்றன.

மற்றொன்று: சுரங்க நீர் வந்து சேரும் ஏரிகளில் படிந்துள்ள மண் எல்லாவிடத்தும் ஒரே தன்மையது என்று கொள்ளலாகாது. இடுவதற்கு முன் ஏரி மண்ணையும் வயல் மண்ணையும் வேளாண்மைத் துறையின் மண் ஆய்வுக் கூடத்திற்கு அனுப்பி அறிந்துகொள்வதே முறை. ஆளுக்கொரு பொட்டலம் தனித்தனியே கொண்டு செல்வதைக் காட்டிலும் சங்கமே திரட்டி அனுப்பினால் செலவும் அலைச்சலும் குறையும்.

வண்டல் எடுக்க இயலாதவரும் கோடை உழவைக் கைவிடலாகாது. கோடை மழை ஒன்று பெய்ததும் சரிவுக்குக் குறுக்காக உழுதால், பின்னர்ப் பெய்யும் மழைநீர் ஓடிவிடாமல் மண்ணில் இறங்கும். மண்ணுள் ஒளிந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளின் வாயிலும் அழியும். கோரைக் கிழங்குகள் மேலே வந்து காய்ந்துபோகும். நீர் வசதி உடையோர் தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அடுத்த நெற்பயிருக்கு உரச் செலவு குறையும்.

தறிக்கு ஏற்ற காலம்

நெசவாள அன்பர்கள், "இவையெல்லாம் உழவருக்கு, எங்களுக்குக் கோடையில் என்ன?" என்று கேட்கலாம். மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு நீட்ட வழியில்லை. தறிக்குழியில் நீர் ஊறுகிறது. நூல் உலர்வதில்லை. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாத வெள்ளத்தில் நம் மாவட்டம் பட்ட துன்பத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மழைக்காலத்தில் இழக்கப்போகும் தறி நாட்களைக் கோடையில் ஈட்டிக்கொள்ள வேண்டும். தீபாவளி விற்பனைக்குரிய சரக்கின் ஒரு பகுதியேனும் ஆடிக்குள் நெய்து முடிந்திருத்தல் நலம்.

ஆனால் கோடை நெசவுக்கு ஓர் இடையூறு உண்டு. பருத்தி நூலுக்கு ஈரமே வலிமை. வறண்ட காற்றில் இழை முரிகிறது. அறுந்த இழையை முடிவதிலேயே பொழுது கழிகிறது. நம் முன்னோர் குழித்தறி அமைத்ததில் இருந்த நுட்பமும் இதுவே. நிலத்தின் குளிர்ச்சி பாவைக் காக்கிறது. ஆகவே பாவுக்குக் கஞ்சியிடும் வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியபின் இட்ட கஞ்சி திடீரெனக் காய்ந்து வெடித்து உதிரும். நெசவை விடியல் முதல் பத்து மணி வரையிலும், பின்னர் மாலையிலும் வைத்துக்கொள்ளலாம். நடுப்பகலைத் தார் சுற்றுவதற்கும் பிற சில்லறை வேலைகளுக்கும் ஒதுக்கலாம். குழியின் ஓரத்தில் ஈரச் சாக்கு போட்டு வைப்பதும், ஊடை நூலைச் சற்று ஈரமாக வைத்துக்கொள்வதும் பயன்தரும். சாயமிட்ட நூலை நிழலில் உலர்த்துக. கடும்வெயில் சாயத்தை வெளுக்கச் செய்யும்.

நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் அங்கத்தினர் தம் கூலியில் ரூபாய்க்கு 8 பைசா செலுத்தினால், அரசு 4 பைசா சேர்க்கிறது. ஒருவருடைய வாரக் கூலி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் செலுத்துவது 120 ரூபாய்; அரசு தருவது 60 ரூபாய். கோடையில் பத்து வாரம் தறி நின்றால், கூலியில் 15,000 ரூபாய் போவதோடு, அரசு தரவேண்டிய 600 ரூபாயும் போகிறது. தறி நின்ற நாளில் சேமிப்பும் நிற்கிறது என்பதை அறிந்துகொள்க.

விற்பனையில் விழிப்பு

முந்திரிக்கும் பலாவுக்கும் கோடையே அறுவடைக் காலம். ஆனால் தை மாதத்தில் மரம் பூத்திருக்கும்போதே தோப்பை விலை பேசிவிடுவோர் பலர். பூவுக்கு விலை பேசுகிறவன் தன் ஆபத்தையும் தன் வட்டியையும் கழித்துக்கொண்டே விலை சொல்லுவான். தைச் செலவுக்குப் பத்தாயிரம் தேவைப்பட்டது என்பதற்காகச் சித்திரையின் விளைவு முழுவதையும் கொடுத்துவிடுவது பேதைமை. அத்தொகையைச் சங்கத்தில் நகைக் கடனாகப் பெற்றுத் தோப்பைக் காப்பாற்றிக்கொள்வதே மேல்.

முந்திரிக் கொட்டையைப் பறிக்காமல், பழுத்துத் தானே விழுந்ததைப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு அசையும் ஒலி கேட்கும், அதுவே பதம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பருப்பு கெடும், விலையும் விழும். கோடையின் வெயிலைக் காட்டிலும் மலிவான உலர்களம் வேறில்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி வீசிய தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நாம் கண்டோம். அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளைகளையும் நெருங்கிய கிளைகளையும் கழித்துவிடுவது மரத்துக்கும் நன்று. காற்றுக் காலத்துக்கும் காப்பு.

எள், உளுந்து, மணிலா விளைவித்தோர் களத்திலேயே விற்றுவிடாமல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குக் கொண்டு செல்லலாம். விலை தாழ்ந்திருந்தால் அங்கேயே இருப்பு வைத்து, சரக்கின் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறும் வசதியும் உண்டு.

அருகிலேயே நெய்வேலி நகரியம் இருக்கிறது. மாதந்தோறும் தவறாது ஊதியம் பெறும் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. கோடையில் அவர்களுக்குத் துண்டும் கைலியும் பருத்திச் சேலையும் வேண்டும். பழமும் காய்கறியும் வேண்டும். ஊதிய நாளை ஒட்டி, முறையான அனுமதியுடன், நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து ஒரே விற்பனை நிலையம் அமைத்தால் வண்டிக் கூலி பாதியாகும். இடைத்தரகருக்குச் செல்வதும் நம்மிடம் தங்கும்.

கடனை அளந்து வாங்குக

திருமணமும் திருவிழாவும் வேண்டா என்று கூறுவது என் கருத்தன்று. அவற்றின் செலவை வெளியார் கடனால் நடத்துவதே தீது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்கி ஆறு மாதம் கழித்துத் தீர்த்தால், வட்டி மட்டும் 1,800 ரூபாய் ஆகிறது. சங்கத்தின் பயிர்க் கடனோ, உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியின்றியே கிடைக்கிறது. தேதி தவறினால் அச்சலுகை போய்விடும். ஆகவே கோடை விளைவின் பணம் கைக்கு வந்ததும் முதற்செலவு தவணையாக இருக்கட்டும். பந்தற்செலவு அதன் பின்னர் வரட்டும்.

சங்கம் செய்யவேண்டுவன

இவையெல்லாம் தனி மனிதனால் முற்றும் இயலாதவை. மாசி மாதக் கூட்டத்திலேயே நிர்வாகக் குழு ஒரு கோடைக்கால அட்டவணை வகுத்தல் வேண்டும். வண்டல் மனுவை யார், எந்நாளில் கொடுப்பது? மண் பொட்டலங்களை யார் திரட்டுவது? உழவு இயந்திரத்தை எந்தத் தெருவுக்கு எப்போது அனுப்புவது? கோடை முழுவதும் தறி நிற்காதபடி நூல் இருப்பு இருக்கிறதா? வேலையின் பெயர் ஒரு பக்கமும் பொறுப்பேற்றவர் பெயர் ஒரு பக்கமும் எழுதி, சங்கத்தின் வாயிலில் ஒட்டுக. பெயர் எழுதப்படாத வேலை நடவாது என்பது என் அனுபவம்.

ஏரி ஒருவருடையதன்று; வெயிலும் ஒருவருடையதன்று. பொதுவாகக் கிடைத்த இவ்விரண்டையும் பொதுவாகவே பயன்படுத்திக்கொள்ளும் ஊரில் ஐப்பசியில் தவணை தவறாது. அடுத்த ஆய்வுக்கு நான் வரும்போது அந்த அட்டவணையைத்தான் முதலில் கேட்பேன்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. உங்கள் ஊரில் சென்ற கோடையில் எத்தனை தறிகள், எத்தனை நாள் நின்றன? நூல் இல்லாமையாலா, வேறு காரணத்தாலா?
2. உங்கள் ஏரியில் வண்டல் எடுக்க ஏற்ற மாதம் எது? அதற்கு எத்தனை நாள் முன்னதாக மனு செய்யவேண்டும்?
3. பூவிலேயே தோப்பை விற்றவரும், உலர்த்தி விற்றவரும் பெற்ற தொகையை ஒப்பிட்டுக் காண்க.
4. வாய்க்காலில் கோடை நீர் திடீரென நின்றுவிட்டால், இப்போது நிற்கும் பயிர்களில் எது தாங்கும், எது தாங்காது?