கிராவல் குவாரியும் கிணற்று நீர்க் கணக்கும்

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கெட்டிப் பாறைப் பூமி. இங்கே கிணற்றுக்கு ஊற்றுக் கொடுப்பது, மேல் மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் நடுவே உள்ள மக்கிய பாறையும் அதன் கீழுள்ள வெடிப்புகளுமே. சாலை போடவும் மனை மேடாக்கவும் வெட்டப்படும் கிராவல் பெரும்பாலும் இதே மக்கிய அடுக்கிலிருந்துதான் வருகிறது. குழி நீர்மட்டத்துக்கு மேலேயே நின்றுவிட்டால் பாதிப்பு குறைவு. நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் பக்கத்துக் கிணற்று நீரும் குழிக்குள் இறங்கத் தொடங்கும்.

"நீர் எங்கே போயிற்று? குழியில் ஏரி போல நிற்கிறதே" என்று சிலர் கேட்பதுண்டு. மண்ணுக்குள் மறைந்திருந்த நீர் வெயிலுக்குத் திறந்துவிடப்பட்டது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,500 மி.மீ. ஆவியாவதாக வைத்துக்கொண்டால் 60 லட்சம் லிட்டர் செலவு. அந்தப் பரப்பில் 1,000 மி.மீ. மழை பெய்தால் 40 லட்சம் லிட்டர் வரவு. நிகர நஷ்டம் 20 லட்சம். குழி வெட்டாதிருந்தால் மழையில் சுமார் பத்தில் ஒரு பங்கு பூமிக்குள் ஊறியிருக்கும்; அது 4 லட்சம். ஆக 24 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் இறவை நிலக்கடலைக்குத் தேவைப்படும் நீர் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர்தான்!

மோட்டார் வைத்து இறைத்தால் நஷ்டம் பல மடங்கு. 200 லிட்டர் பீப்பாய் 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 36,000 லிட்டர். தினம் 6 மணி நேரம், 200 நாள் இறைத்தால் 4 கோடியே 32 லட்சம் லிட்டர். ஆகவே குவாரியில் முதலில் கேட்டு எழுத வேண்டியது மோட்டார் ஓடிய நேரம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இந்தக் கணக்குக்குச் சட்டமே உண்டு. 1980ஆம் ஆண்டு முடிந்தபின் நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட சரளைக் குழிகள், ஆவியாகும் நீருக்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1989இல் விதித்தார்கள். கழுவிய சரளையோடு ஒட்டிப் போகும் நீரையும் எடையில் நூற்றுக்கு 4 பங்கு என்று சேர்க்கிறார்கள். 10 டன் லாரி ஒன்றுக்கு 400 லிட்டர் ஆகிறது. எவ்வளவு ஈடு என்பதோடு, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்பதும் அங்கே பார்க்கப்படுகிறது. ஆற்றை நம்பிய முந்திய உரிமைக்காரருக்குக் குறை வரக்கூடாது என்பதே நோக்கம்.

நம் பகுதியில் விலைக்கு வாங்கி ஈடு செய்ய ஆற்று நீர் இல்லை. இறைக்கும் நீரைச் சாலையோரம் விடாமல், தெளியவைத்து, பாதிக்கப்பட்ட கிணறுகளுக்கு மேற்புறமுள்ள ஏரிக்கோ கசிவு நீர்க் குட்டைக்கோ விடுவது முதல் வழி. வேலை முடிந்த பகுதியை ஒதுக்கிய மண்ணால் நீர்மட்டத்துக்கு மேல் வரை மூடினால் ஆவியாதல் குறையும். வேறொரு கிராமத்து ஏரியைத் தூர் வாரிக் கொடுப்பது நல்ல காரியம்தான். ஆனால் இந்தக் கிணற்றுக்கு அது ஈடாகாது. மழை ஓடையையே குழிக்குள் திருப்பினால் கீழேயுள்ள ஏரிக்கு வரத்து குறையும் என்பதையும் மறக்கலாகாது.

கிணறு வற்றியது வறட்சியாலா, குவாரியாலா? வாய்ப்பேச்சில் இது தீராது. குவாரி தொடங்குமுன்பே அளக்கத் தொடங்குவது நல்லது. மாதத்தின் முதல் தேதி, காலையில் பம்பு செட்டு ஓட்டுமுன், கைப்பிடிச் சுவரில் ஒரு குறியிட்டு அங்கிருந்து கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். குவாரிக்கு அருகில் இரண்டு கிணறுகளும், அதே ஆழமுள்ள தொலைவான கிணறு ஒன்றும் போதும். மூன்றும் சேர்ந்து இறங்கினால் வறட்சி. அருகிலுள்ளவை மட்டும் இறங்கினால் குவாரியைச் சந்தேகிக்கலாம்.

5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குவாரியின் சுரங்கத் திட்டத்தில் அனுமதித்த ஆழம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்து அதன் நகலைக் கேட்கலாம். அந்த ஆழத்தையும் நோட்டிலுள்ள நீர்மட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு கொடுக்கலாம்.